பார்வை கூடாது என்று தெரிந்தேதான் சம்மதித்தேன்!

எங்கள் ஆண்டிபட்டிப் பக்கம் 'கண் ஆபரேஷன்' என்றால் எல்லோர் மனதிலும் வருவது ஒன்றுதான்... புரை! தெருவுக்கு நாலு பேராவது புரை எடுத்தவர்கள் இருப்பார்கள். டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-ல் மதுரையில் வெறும் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை, 1985-லேயே தேனிக்கு வந்துவிட்டது. ஊர் ஊராகக் கண் முகாம்களும் நடக்கும். "முகாமுக்குப் போனேன், லென்ஸ் வெச்சாங்க, மறுநாள் கட்டுப் பிரிச்சதும் பேத்தி முகம் பளிச்சுனு தெரிஞ்சுச்சு" என்ற கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது.

அதனால், 2023 தொடக்கத்தில் எனக்குக் கண்ணில் ஆபரேஷன் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தைரியம் சொன்னார்கள். "புரைதானே மதினி? அரை மணி நேர வேலை. கட்டுப் பிரிச்சா பளிச்சுனு ஆயிரும்!"

ஆகாது. அதுதான் விஷயமே. எனக்குச் செய்யச் சொன்னது கண்நீர் அழுத்த நோய்க்கான ஆபரேஷன். கிளாக்கோமா என்பார்களே, அது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை கூடாது. சிலருக்கு ஓரிரு கோடு குறையவும் செய்யலாம். காசும் செலவு செய்து, வலியையும் பட்டு, பார்வையும் கூடாது என்றால் எதற்குச் செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியோடு நானும் என் வீட்டுக்காரரும் ஒன்றரை மாதம் மல்லுக்கு நின்றோம். அந்த ஒன்றரை மாதத்தில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கலாம்.

கண்ணுக்குள் ஒரு அணை

நாங்கள் வைகை அணைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் அணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீர்மட்டம், நீர்வரத்து, நீர் வெளியேற்றம்... இந்த மூன்று கணக்கோடுதான் அவருக்குப் பொழுதே விடியும். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பேப்பர் வந்தால் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டத்தைத்தான்.

கண்நீர் அழுத்தம் என்றால் என்ன என்று டாக்டரம்மா படம் வரைந்து விளக்கியபோது, எனக்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணின் முன்பகுதியில் ஒரு நீர் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. அழும்போது வருகிற கண்ணீர் வேறு, இது வேறு. இது கண்ணுக்குள்ளேயே சுரந்து, கருவிழியின் ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற பகுதி வழியாக வடிந்து ரத்தத்தில் கலந்துவிடும். வரத்தும் வெளியேற்றமும் சமமாக இருந்தால் அழுத்தம் சீராக இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இது 10-லிருந்து 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். வடிகால் மந்தமானால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம், கண்ணின் பின்னால் இருக்கும் பார்வை நரம்பை நசுக்கும். அந்த நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள். செத்துப்போன இழை ஒன்றுகூடத் திரும்ப முளைக்காது.

"அப்ப ஷட்டர் அடைச்சுக்கிச்சு, அதான?" என்றார் இவர். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வைகை அணையின் கொள்ளளவு 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று விடுவார்கள். சங்கு ஊதும். கரையோரத்து ஜனங்களுக்குத் தகவல் போகும். கண்ணுக்கு அப்படி எந்தச் சங்கும் கிடையாது. பெரும்பாலும் வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரப் பார்வை மெள்ள மெள்ளக் கரையும். நேர்ப்பார்வை கடைசி வரை நன்றாக இருப்பதால், எழுத்தைப் படிக்கலாம், ஊசியில் நூல்கூடக் கோக்கலாம். ஒரு கண் இழந்ததை இன்னொரு கண் ஈடுகட்டிவிடும். அதனால் நோய் இருப்பதே தெரியாது.

மதுரை, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் 40 வயதைக் கடந்த 5,150 பேரைப் பரிசோதித்து அரவிந்த் மருத்துவர்கள் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தங்களுக்கு இந்த நோய் இருப்பதே அதுவரை தெரியாது.

எனக்குத் தெரிந்தது என் அப்பாவால். அறுபது வயதுக்கு மேல் அப்பா வாசல்படியில் இடறுவார். பக்கத்தில் வருகிற ஆளைக் கவனிக்க மாட்டார். "வயசாயிருச்சுல்ல" என்று ஊரே சொன்னது. கடைசி ஆறு வருடம் முழு இருட்டில் இருந்தார். பிறகுதான் அது என்ன நோய் என்று ஒரு டாக்டர் சொன்னார். 'ரத்த சொந்தங்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம், 40 வயதானால் எல்லோரும் பாருங்கள்' என்றும் சொன்னார். அதிலிருந்து வருடம் தவறாமல் பார்த்துவந்தேன். 2016-ல், என் 49-வது வயதில், இடது கண்ணில் 30, வலது கண்ணில் 24 என்று வந்தது.

ஏணியில் கடைசிப் படி

எடுத்த எடுப்பில் யாரும் ஆபரேஷன் என்று சொல்வதில்லை. இதற்கு ஓர் ஏணி உண்டு. முதலில் சொட்டு மருந்து, அப்புறம் லேசர், அப்புறம்தான் கத்தி. சிலருக்கு முதலிலேயே லேசர் செய்வதும் உண்டு. பிரிட்டனில் அப்படி முதலில் லேசர் செய்தவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கினருக்கு மூன்று வருடம் வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை என்று 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது.

எனக்கு இரவில் ஒரு சொட்டு லட்டானோபுராஸ்ட் எழுதினார்கள். அழுத்தம் நன்றாக இறங்கியது. சில வருடம் கழித்து இடது கண்ணில் மட்டும் மறுபடி ஏறியது. அடுத்த மருந்து டிமோலால். ஆனால், எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. டிமோலால் கண்ணில் விட்டாலும் ரத்தத்தில் கலந்து மூச்சுத்திணறலைக் கிளப்பும் என்பதால் அது கூடவே கூடாது என்றார்கள். (ஆஸ்துமா இருக்கிறவர்கள் கண் டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.) அடுத்தது பிரிமோனிடின். நாலு மாதத்தில் இமையெல்லாம் சிவந்து வீங்கி, அரிப்பு தாங்கவில்லை. அலர்ஜி. நிறுத்தினார்கள். அப்புறம் டார்சோலமைடு. அது ஒத்துக்கொண்டது, ஆனால் அது மட்டும் போதவில்லை. 2021-ல் லேசர் செய்தார்கள். ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்தது. 2022 கடைசியில் இடது கண் அழுத்தம் மறுபடி 22.

"22 பெரிய நம்பர் இல்லையே டாக்டர்?" என்று கேட்டேன்.

"உங்க நரம்புக்குப் பெரிய நம்பர்தான்" என்றார் டாக்டரம்மா. மூன்று பார்வைப் பரப்புச் சோதனைத் தாள்களை வரிசையாக மேஜையில் வைத்தார். அந்தச் சோதனையைச் செய்தவர்களுக்குத் தெரியும். ஒரு கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்த்தபடி, ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மின்னினால் பட்டனை அமுக்க வேண்டும். தெரியாத இடமெல்லாம் தாளில் கறுப்பாக வரும். முதல் தாளில் இடது கண்ணின் மேல்பக்கம் பிறை மாதிரி ஒரு கறுப்பு. இரண்டாவதில் அது தடித்திருந்தது. மூன்றாவதில் நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"நோய் முத்தின கண்ணுக்கு அழுத்தத்தை 12, 13-க்குக் கொண்டுவரணும். உங்களுக்குச் சேர்ற மருந்துகளை வெச்சு அது முடியலை. இனி ஆபரேஷன்தான் வழி. வீட்டுல பேசிட்டு வாங்க. ரொம்பத் தள்ளிப்போடாதீங்க" என்றார்.

என்ன செய்வார்கள்?

டிராபெக்குலெக்டமி என்று பெயர். 1968-லிருந்து இந்த முறை இருக்கிறது. மேல் இமைக்குள் மறையும் இடத்தில், கண்ணின் வெள்ளைப் பகுதியில் சின்னக் கதவு மாதிரி ஒரு மடிப்பு வெட்டி, அதன் அடியில் ஒரு துவாரம் போடுவார்கள். உள்ளே தேங்கும் நீர் அந்த வழியாக வெளியே கசிந்து, கண்ணின் மேல் சவ்வுக்கு அடியில் சின்னக் கொப்புளமாகத் தேங்கி, அங்கிருந்து உறிஞ்சப்பட்டுவிடும். கதவை மெல்லிய தையல்களால் கட்டிவைப்பார்கள். தையல் இறுக்கமாக இருந்தால் நீர் குறைவாகப் போகும். பிறகு தேவைக்கு ஏற்ப ஒவ்வொரு தையலாக லேசரால் வெட்டித் தளர்த்துவார்கள். "மொத்த ஷட்டரையும் ஒரே நாள்ல தூக்க முடியாதுல்ல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் தூக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

இது சரிப்படாதவர்களுக்குக் கண்ணில் சின்னக் குழாய் பொருத்தும் முறையும் உண்டு. வெளிநாட்டுக் குழாய்களின் விலை எட்டாத தூரத்தில் இருந்ததால், மதுரையில் இருக்கும் அரோலேப் நிறுவனமே குறைந்த விலையில் ஒன்றைத் தயாரித்து 2013 முதல் தந்துவருகிறது. என் கண்ணுக்கு முதல் முறையே போதும் என்றார்கள்.

துண்டுச்சீட்டின் இரண்டு பக்கம்

நான் வீட்டில் தையல் தைக்கிறவள். ஜாக்கெட், சேலை ஃபால்ஸ், பக்கத்து ஊர் நெசவாளர்கள் கொண்டுவரும் சேலைகளுக்கு ஓரம் அடிப்பது என்று மாதம் கொஞ்சம் வரும். அளவு எழுதும் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ஒரு பக்கம் 'செய்தால்', இன்னொரு பக்கம் 'செய்யாவிட்டால்' என்று எழுதினேன்.

'செய்தால்' பக்கம் சீக்கிரமே நிறைந்துவிட்டது. டாக்டரம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். அப்படி இறங்கினால் பார்வை மங்கும், சில சமயம் மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டிவரும். புண் ஆறும்போது தழும்பு உண்டாகி, போட்ட வழியே அடைபட்டுப் போகலாம். அதைத் தடுக்க மைட்டோமைசின் என்ற மருந்து வைப்பார்கள். அப்படியும் சிலருக்குச் சில வருடங்களில் அடைபட்டு, மறுபடி சொட்டு மருந்தோ இன்னொரு ஆபரேஷனோ தேவைப்படலாம். புரை சீக்கிரம் வளரலாம். கண்ணுக்குள் ரத்தக்கசிவு வரலாம், ஆனால் அரிது. நோய் மிகவும் முற்றிய கண்ணில், மிச்சமிருக்கும் நேர்ப்பார்வை ஆபரேஷனை ஒட்டியே அணைந்துபோவதும் மிக மிக அரிதாக நடந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் கொப்புளம் இருக்கிற வரைக்கும், அதாவது ஆயுசுக்கும், அதன் வழியாகக் கிருமி உள்ளே போகும் ஆபத்து உண்டு.

கடைசி விஷயம் எனக்குப் புதிதல்ல. என் சித்தப்பா மகன் இதே ஆபரேஷன் செய்துகொண்டு மூன்று வருடம் நன்றாக இருந்தார். ஒரு நாள் கண் சிவந்து பீளை தள்ளியது. 'மெட்ராஸ் ஐ'யாக இருக்கும் என்று ஒரு மருந்துக்கடையில் சொட்டு கொடுத்திருக்கிறார்கள். நாலாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சீழ் உள்ளே இறங்கிவிட்டது. உயிரோடு கண் இருக்கிறது, பார்வை இல்லை. அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி 'செய்ய வேண்டாம்' என்றே படுத்தேன்.

'செய்யாவிட்டால்' பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'அப்பா.'

இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில்தான் ஒன்று புரிந்தது. நான் எடைபோடும் முறையே சரியான கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். இன்றைக்கு இருக்கும் பார்வையையும் ஆபரேஷன் முடிந்த மறுமாதம் இருக்கப்போகும் பார்வையையும் ஒப்பிட்டால், ஆபரேஷன் எப்போதும் தோற்றுத்தான் போகும். மறுமாதம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். ஒப்பிட வேண்டியது அதை அல்ல. ஆபரேஷன் செய்துகொண்ட நான் பத்து வருடம் கழித்து எப்படி இருப்பேன், செய்யாத நான் பத்து வருடம் கழித்து எப்படி இருப்பேன் என்பதைத்தான். மூன்று தாள்களும் இரண்டு வருடத்தில் எவ்வளவு தூரம் கறுத்திருந்தன என்பதைப் பார்த்தால், செய்யாத நான் எங்கே போய் நிற்பேன் என்பது ஓரளவு தெரிந்தது.

அதே சமயம், இதே கணக்கு எல்லோருக்கும் ஒரே விடை தராது. 80 வயதுக்காரருக்கு, நோய் மெதுவாக நகர்கிறது என்றால், சொட்டு மருந்தோடு ஆயுளைக் கழித்துவிடலாம். சொட்டு மருந்திலேயே அழுத்தம் அடங்குகிறவருக்குக் கத்தி தேவையே இல்லை. கோவையில் இருக்கும் என் மகள், பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வைத் தேடிப் படித்துச் சொன்னாள். நோய் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட 453 பேரில் பாதிப் பேருக்கு முதலிலேயே ஆபரேஷன், மீதிப் பேருக்குச் சொட்டு மருந்து. இரண்டு வருடம் கழித்து ஆபரேஷன் செய்தவர்களின் சராசரி அழுத்தம் சுமார் 12, சொட்டு போட்டவர்களுக்குச் சுமார் 15. ஆனால், அன்றாட வாழ்க்கைத் தரத்தில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"அப்ப சொட்டே போதும்தானம்மா?" என்றாள்.

"போடுறதுக்குச் சொட்டு இருந்தா போதும் பாப்பா. எனக்கு ஒண்ணு மூச்சை அடைக்குது, ஒண்ணு கண்ணைப் புண்ணாக்குது" என்றேன்.

அவளே இன்னொன்றும் சொன்னாள். ஸ்வீடனில் நடந்த ஆய்வொன்றில், அழுத்தம் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறையும்போதும் நோய் முற்றும் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைவதாகக் கண்டிருக்கிறார்கள். 22-க்கும் 12-க்கும் நடுவே பத்துப் படி இருக்கிறது.

இன்னொரு டாக்டரிடமும் காட்டினோம். முதல் டாக்டரம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, தாள்களையெல்லாம் அவரிடமே நகல் வாங்கிக்கொண்டு போனோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "போயிட்டு வாங்க, மனசு தெளிவாகும்" என்றார். இரண்டாவது டாக்டரும் அதையே சொன்னார். கூடவே ஒரு கேள்வி கேட்டார். "ஆபரேஷன் ஒரு நாள் வேலை. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அடிக்கடி வரணும். உங்களால வர முடியுமா?" அது முடியாதென்றால், நன்றாகச் செய்த ஆபரேஷனும் பாழாகிவிடும் என்றார்.

நாங்கள் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். 2022-ல் மதுரை - தேனி ரயில் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. அது ஆண்டிபட்டியில் நிற்கும். "எத்தனை தடவைனாலும் கூட்டிட்டுப் போறேன். எனக்கென்ன ஆபீஸா இருக்கு?" என்றார் இவர். துண்டுச்சீட்டில் எழுதாத ஒரு வரி அது. ஆனால், முடிவை நகர்த்தியது அதுதான்.

கடைசியாக டாக்டரம்மாவிடம் நேரடியாகக் கேட்டேன். "பார்வை கூடவே கூடாதா?"

"கூடாது. போனது போனதுதான். இருக்கறதைக் காப்பாத்தத்தான் இது. அது புரிஞ்சு வந்தீங்கன்னா மட்டும் செய்வோம்."

புரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த இரண்டு மாதம்

கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி. சுமார் ஒரு மணி நேரம். பேசுவது காதில் விழுந்தது, வலி இல்லை. மறுநாள் கட்டுப் பிரித்ததும், ஊர்க் கதையில் வருகிற மாதிரி எதுவும் பளிச்சென்று தெரியவில்லை. ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல இருந்தது. தெரிந்தே போனதால் அழவில்லை. என் படுக்கைக்கு எதிர்ப்படுக்கையில் ஓர் அம்மா, "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணுனோம்" என்று மகனிடம் விம்மிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த அழுகை வந்திருக்காது.

முதல் மாதம் வாரம் ஒரு தடவை மதுரை. இரண்டாவது வாரத்தில் அழுத்தம் 19 என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. டாக்டரம்மா பதறாமல் ஒரு தையலை லேசரால் வெட்டினார். 13-க்கு இறங்கியது. அடுத்த வாரம் இன்னொரு தையல். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை முதலில் இரண்டு மணிக்கு ஒரு தடவை போட்டு, பிறகு சிறுகச் சிறுகக் குறைத்து, இரண்டு மாதம் போட்டேன். குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கண்ணைக் கசக்கவே கூடாது. ராத்திரி தூங்கும்போது பிளாஸ்டிக் மூடி. சமையலும் தண்ணீர் பிடிப்பதும் இவர் பொறுப்பு. குழம்பில் உப்பு அளவு மட்டும் கடைசி வரை அவருக்குப் பிடிபடவில்லை.

தையல் மெஷினில் உட்கார மூன்று மாதம் ஆயிற்று. புதுக் கண்ணாடி மாற்றிய பிறகுதான் எழுத்து தெளிந்தது. அந்த மூன்று மாத வருமானமும் செலவுக் கணக்கில் சேர்த்தி. யாரும் அதைச் சொல்வதில்லை. நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இடது கண் அழுத்தம் 12, 13 என்று நிற்கிறது. அந்தக் கண்ணுக்குச் சொட்டு மருந்து இல்லை. வலது கண்ணுக்கு இரவு ஒரு சொட்டு தொடர்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த பார்வைப் பரப்புத் தாள்களில் கறுப்பு நகரவில்லை. இடது கண்ணில் புரை மெள்ள வளர ஆரம்பித்திருக்கிறது. அதை எடுக்க வேண்டிவரலாம். எடுத்தால் இந்த வழி கொஞ்சம் பாதிக்கப்படலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எனவே, அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பஞ்சுத் தூசி பறக்கும் வேலை என்பதால் தைக்கும்போது கண்ணாடி கழற்றுவதில்லை. சித்தப்பா மகனுக்கு நடந்ததை மறக்காமல், வீட்டு நிலையில் ஆஸ்பத்திரி நம்பரை எழுதி ஒட்டியிருக்கிறேன். சிவப்பு, பீளை, வலி, திடீர் மங்கல்... இதில் எது வந்தாலும் மருந்துக்கடைக்குப் போகாமல் அன்றைக்கே மதுரை.

டாக்டரிடம் இதையெல்லாம் கேளுங்கள்!

* என் கண்ணுக்கு எந்த அளவு அழுத்தம் பாதுகாப்பானது? இப்போது அதற்கு எவ்வளவு மேலே இருக்கிறேன்?

* என் நோய் எவ்வளவு வேகமாக நகர்கிறது? பழைய பார்வைப் பரப்புத் தாள்களை வரிசையாக வைத்துக் காட்டுங்கள்.

* சொட்டு மருந்திலும் லேசரிலும் இன்னும் முயன்று பார்க்காதது ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

* என் இன்னொரு கண் எப்படி இருக்கிறது? இந்தக் கண்ணில் ஏதாவது ஆனால் அதை வைத்துச் சமாளிக்க முடியுமா?

* என் கண்ணின் நிலைமைக்கு எந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்?

* ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை தடவை வர வேண்டும்? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது? காப்பீட்டுத் திட்டம் பொருந்துமா?

ஆஸ்துமா, இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை... எதையும் விடாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் என்றாலே பயந்து ஓடவும் வேண்டாம். டாக்டர் சொன்னார் என்று எதையும் கேட்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

என் ஆபரேஷன் முடிந்த கையோடு, உடன்பிறந்தவர்கள் இருவரையும் பிடித்து உட்காரவைத்து, கண் அழுத்தமும் நரம்பும் பார்க்க அனுப்பினேன். அக்காவுக்கு ஒன்றுமில்லை. 47 வயதுத் தம்பிக்கு ஆரம்ப நிலை. ஓரப் பார்வை இன்னும் முழுசாக இருக்கிறது. ராத்திரி ஒரு சொட்டு போட்டுக்கொள்கிறான், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுகிறான். "ஒண்ணுமே தெரியலையேக்கா, எதுக்கு இந்த மருந்து?" என்று முதலில் அலுத்துக்கொண்டான். "ஒண்ணும் தெரியாம இருக்கும்போதே போடுறதுதான்டா மருந்து" என்றேன். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று ஒன்றரை மாதம் தூக்கம் கெட்டு யோசிக்கும் நிலை அவனுக்கு வராமலே போகலாம். 40 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், முக்கியமாக வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தவர்களுக்கு, நான் சொல்ல நினைப்பது அதைத்தான்.